"விட்டதாலதான் இப்படி": குடியை நிறுத்திய பிறகு நீளும் தொல்லைகளைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

குடியை விட்டவர் இருக்கிற வீட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "விட்டதாலதான் இப்படி." கை நடுங்கினாலும் விட்டதால்தான், தூக்கம் வராவிட்டாலும் விட்டதால்தான். இளைத்தாலும் வேர்த்தாலும், மறதி வந்தாலும், பாதம் எரிந்தாலும் அதே பதில். கொஞ்சம் படித்தவர்கள் 'வித்ட்ராயல்', அதாவது விலகல், என்பார்கள். இன்னும் சிலர் 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி ஒரு டானிக் வாங்கிக் கொடுப்பார்கள்.

இதில் இரண்டு விதமான ஆபத்து இருக்கிறது. சில மாதங்களில் தானாக அடங்கக்கூடிய தொல்லையைப் பார்த்துப் பயந்து, "குடிச்சப்ப நல்லாத்தானே இருந்தேன்" என்று மறுபடி கடைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். நிஜமாகவே ஒரு நோய் வந்திருக்க, அதை விலகல் கணக்கில் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம்.

எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது. என் பெரியப்பா மகன் இருபது வருடம் குடித்தவர். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார், அன்றோடு நிறுத்தினார். மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லை. மாசி பிறந்த பிறகு ராத்திரியில் வேர்க்க ஆரம்பித்தது, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார். "பாட்டில விட்டா உடம்பு அப்படித்தான் இளைக்கும்பா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் சொன்னேன். பங்குனியில் சளியைப் பரிசோதித்தபோதுதான் காசநோய் என்று தெரிந்தது. நான் சொன்ன அந்த ஒரு வரிதான் இதை எழுத வைக்கிறது.

தேரும் முட்டுக்கட்டையும்

முதலில் விலகல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். திருவாரூர் ஆழித்தேரோ உங்கள் ஊர்த் தேரோ, ஓடும்போது பார்த்திருப்பீர்கள். முன்னால் வடம் பிடித்து இழுப்பவர்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துபவர்கள். இரண்டு கூட்டமும் சரியான அளவில் இருந்தால்தான் தேர் ஒழுங்காக நகரும்.

மூளையிலும் இப்படி இரண்டு வேலை நடக்கிறது. நரம்புகளைத் தூண்டி இழுக்கும் ரசாயனத்துக்குக் குளூட்டமேட் என்று பெயர். வேகத்தை அடக்கும் ரசாயனம் காபா. சாராயம் உள்ளே போனதும் காபாவின் கையை வலுப்படுத்துகிறது, குளூட்டமேட்டின் கையைக் கட்டுகிறது. அதாவது வெளியாள் ஒருவர் வந்து கூடுதலாக முட்டுக்கட்டை போடுகிற மாதிரி. குடித்ததும் வருகிற தளர்வும் தூக்கமும் அதனால்தான்.

இந்த வெளியாள் வருடக்கணக்கில் தினமும் வந்தால் என்ன ஆகும்? தேர் நகர்ந்தாக வேண்டுமே. மூளை தன் சொந்த முட்டுக்கட்டைக்காரர்களைக் குறைத்துக்கொள்கிறது, வடம் இழுக்கிற ஆட்களைக் கூட்டுகிறது. அப்புறம் ஒருநாள் அந்த வெளியாள் திடீரென்று வரவில்லை. இழுக்க நிறையப் பேர், தடுக்கச் சொற்பப் பேர். தேர் தறிகெட்டு ஓடும். கை நடுக்கம், படபடப்பு, வேர்வை, வாந்தி, தூக்கமின்மை, சில பேருக்கு வலிப்பு, எல்லாமே அந்த ஓட்டம்தான். இதைத்தான் விலகல் அறிகுறி என்கிறோம்.

டீ-அடிக்‌ஷன் மருத்துவமனைகளில் டயசெபாம், லோராசெபாம், குளோர்டயசெப்பாக்சைடு போன்ற மாத்திரைகள் கொடுப்பதும் இதற்காகத்தான். அவையும் காபா பக்கம் வேலை செய்பவை. தற்காலிகக் கட்டைகளைப் போட்டுவிட்டு, சில நாட்களில் ஒவ்வொன்றாக உருவிக்கொள்வார்கள். அவற்றை நாமாக வாங்கி மாதக்கணக்கில் போட்டால் அதுவே இன்னொரு அடிமைத்தனம் ஆகிவிடும், அதை விடும்போதும் இதே நடுக்கம் வரும்.

சுருக்கமாக: விலகல் என்பது சாராயத்தை எதிர்த்து மூளை செய்துவைத்த ஏற்பாடு, சாராயம் போன பிறகும் கொஞ்ச காலம் கலையாமல் இருப்பது. ஏற்பாடு கலையக் கலைய அறிகுறியும் குறைய வேண்டும். அந்தத் திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் தனிக் கணக்கு

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வேர்வை, குமட்டல், பதற்றம் தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள்வரை இன்னொரு ஆபத்து உண்டு: இடம், நேரம், ஆள் தெரியாமல் போவது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது, இல்லாத ஆளோடு பேசுவது, காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்வது. இதற்கு நடுக்கச் சித்தப்பிரமை என்று பெயர். 'பேய் பிடித்துவிட்டது' என்று கோயிலுக்குக் கூட்டிப்போகிற விஷயம் இல்லை இது. உயிரைப் பறிக்கும். உடனே மருத்துவமனை.

மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், மருத்துவரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக்கூடாது. விலகலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விட்டு விட்டுத் தொடங்கி, மறுபடி விட்டால், ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடக் கடுமையாக வரலாம். எங்கள் அண்ணன் மாலை போட்ட மூன்றாம் நாள் தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒன்றும் ஆகாமல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கடுமையான கட்டம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முதல் வலிப்பே பத்தாவது நாளிலோ இருபதாவது நாளிலோ வருகிறது என்றால் அதைச் சாராய விலகல் என்று தள்ளிவிட முடியாது. வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும்.

அப்புறம் நீளும் தொல்லை

ஓட்டம் நின்றதும் தேர் நிலைக்கு வந்துவிடுவதில்லை. நின்று, நகர்ந்து, மறுபடி நின்றுதான் வந்து சேரும். முதல் வாரம் தாண்டிய பிறகு வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் நீள்கிற தொல்லைகளை நீடித்த விலகல் என்று சொல்கிறார்கள். தனி நோயாக இது மருத்துவ அட்டவணைகளில் இடம்பெறவில்லை என்றாலும், குடியை விட்டவர்களோடு வேலை செய்யும் யாருக்கும் பழக்கமானதுதான்.

இதில் வருபவை பெரும்பாலும் மனமும் தூக்கமும் சார்ந்தவை. சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது. காரணமில்லாத பதற்றம். எதிலும் ருசி இல்லாமல் போவது. பிடித்த பாட்டு, பிடித்த மீன்குழம்பு, பேரக்குழந்தை, எதுவும் ஒட்டாது. பேப்பரில் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் கவனம் சிதறும். திடீரென்று குடிக்கிற ஆசை எழும்பி அடங்கும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் மறுபடி குடிப்பது தூக்கத்துக்காகத்தான். சாராயம் சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் கனவு வருகிற தூக்கத்தை அமுக்கிவிடும். நிறுத்தியதும் அமுக்கி வைத்த கனவெல்லாம் பீறிட்டு வரும். குடிப்பது போலவே கனவு கண்டு, விடியற்காலையில் குற்ற உணர்ச்சியோடு எழுந்து உட்கார்வார்கள். அது தோல்வி இல்லை என்று வீட்டில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். தூக்கம் முழுதாகச் சீராகப் பல மாதங்கள் பிடிக்கலாம்.

நீடித்த விலகல் அலை மாதிரி வரும். நாலு நாள் நன்றாக இருக்கும், இரண்டு நாள் படுத்தும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளி நின்று பார்த்தால் அலையின் உயரம் குறைந்துகொண்டே வர வேண்டும், இடைவெளி கூட வேண்டும். பசியும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

சுருக்கமாக: ஆரம்பத்தில் தொடங்கியது, ஏறி இறங்கினாலும் மொத்தத்தில் குறைந்து வருவது, பெரும்பாலும் மனமும் தூக்கமும் சார்ந்தது. இது நீடித்த விலகலின் முகம். விட்டு வெகுநாள் கழித்துப் புதிதாகத் தொடங்கியது, நாளுக்கு நாள் கூடுவது, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பது, காய்ச்சலோ எடைக்குறைவோ சேர்ந்தது, இவை அந்த முகம் இல்லை.

"ஒரு கட்டிங் போட்டா நிக்குது" என்பது சோதனை அல்ல

பலர் நம்புகிற சோதனை இது: ஒரு கட்டிங் போட்டதும் நடுக்கம் நின்றதா? அப்படியென்றால் விட்டதால் வந்த நடுக்கம்தான்.

தப்பு. சாராயம் மூளையின் வேகத்தையே மட்டுப்படுத்துகிறது. அதனால் விலகலோடு சம்பந்தமே இல்லாத பல தொல்லைகளும் அதில் கொஞ்ச நேரம் அடங்கும். பரம்பரையாக வரும் கை நடுக்கம் ஒன்று இருக்கிறது. டீ டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் நடுங்கும், கையை மடியில் வைத்தால் நிற்கும். அப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கும். அந்த நடுக்கம் கொஞ்சம் குடித்தால் நன்றாகவே குறையும்! இப்படிப்பட்டவர் குடியை விட்டால் அதுவரை மறைந்திருந்த நடுக்கம் வெளியே வந்து, போகவே போகாது. "ஆறு மாசம் ஆகியும் நிக்கலையே" என்று அவர் மனம் உடைந்து போவார். அதற்குத் தனி மாத்திரை உண்டு. பதற்ற நோயும் இப்படித்தான். குடிக்கு முன்பே இருந்திருக்கும், குடிதான் அதை மூடி வைத்திருக்கும்.

ஆகவே நம் முன்னால் மூன்று கூடைகள் இருக்கின்றன. விலகல் ஒன்று. குடி செய்துவிட்டுப் போன சேதமும் குடி மறைத்து வைத்திருந்ததும் இரண்டாவது. குடிக்காதவருக்கும் வரக்கூடிய சாதாரண நோய் மூன்றாவது. காத்திருந்தால் குறையும் என்று நம்பி இருக்கக்கூடியது முதல் கூடை மட்டும்தான்.

காத்திருக்கக் கூடாதவை

முதலில் தையமின். வைட்டமின் பி1 என்பது இதுதான். உடம்பு இதை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காது. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் சாராயம் அதைக் குடல் உறிஞ்சவிடாது. (நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் தையமின் அரிசிக்குள் இறங்கிவிடும். நன்றாகத் தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு போய்விடும். நம் புழுங்கல் சோறு இந்த விஷயத்தில் நல்ல சோறு.) தையமின் மிகவும் குறைந்தால் மூளை பாதிக்கப்படும். ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1881இல் விவரித்ததால் வெர்னிக்கே நோய் என்கிறார்கள். குழப்பம், கால் அகட்டித் தள்ளாடும் நடை, கண்விழி தானாக ஆடிக்கொண்டே இருப்பது அல்லது பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது ஆகியவை அடையாளங்கள். மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும் என்றில்லை. குடிக்காமலே குடித்தவர் போலத் தள்ளாடுகிறார் என்றால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள், ஊசி வழியாகத் தையமின் ஏற்றினால் காப்பாற்றலாம். தவறவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சாப்பிடாத இட்லியைப் பற்றி விவரமாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. நினைவின் ஓட்டையை மூளை தானாக அடைக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பாயிடும்" என்பது நம் ஊர் வழக்கம். தையமின் இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்ச தையமினும் செலவாகி நிலைமை மோசமாகலாம். குடிப்பழக்கம் இருந்ததை ஊசி போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தலையில் ரத்தக்கட்டு. குடித்த காலத்தில் எங்கேயோ விழுந்திருப்பார், அவருக்கே நினைவிருக்காது. நீண்ட நாள் குடித்தவரின் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும், மண்டையோட்டுக்குள் அதைச் சுற்றி ஓடும் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலேயே கசிவு தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகச் சேரும். ஓயாத தலைவலி, பகலிலேயே தூங்கி வழிவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, பேச்சு குழறுவது. "விட்ட அசதி" என்று படுக்கப் போடாதீர்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்.

கல்லீரல் கெட்டுப்போனவர்களுக்கு வருவது வேறு மாதிரி. ராத்திரி விழிப்பு, பகல் தூக்கம் என்று மாறிப்போகும். கையை முன்னால் நீட்டச் சொன்னால் பறவை இறக்கை அடிக்கிற மாதிரி மணிக்கட்டு மடிந்து மடிந்து நிமிரும். அம்மோனியா போன்ற கழிவுகளைக் கல்லீரல் வடிகட்ட முடியாமல் அவை மூளைக்குப் போவதன் விளைவு அது. மலச்சிக்கலோ கிருமித்தொற்றோ இருந்தால் இன்னும் கூடும். கண் மஞ்சள், வயிறு வீக்கம், கறுப்பாக மலம், ரத்த வாந்தி, எதுவாக இருந்தாலும் அவசரம்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவருக்கு வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். தாழ்சர்க்கரையும் விலகலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை. நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது அதன் அடையாளம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

பாதம் எரிவது, காலில் சாக்ஸ் போட்ட இடம் மட்டும் மரத்துப்போவது, இவை பெரும்பாலும் இரண்டாவது கூடை. வருடக்கணக்கில் நரம்பு நைந்து வந்தது, போதை தெளிந்ததும் உறைக்கிறது. சர்க்கரையும் பி12 குறைவும் இதையே செய்யும் என்பதால் அவற்றையும் பார்த்துவிட வேண்டும். 'நரம்புத் தளர்ச்சி டானிக்' இதற்கு மருந்தல்ல.

காசநோய் பற்றி எங்கள் வீட்டுக் கதையிலேயே சொல்லிவிட்டேன். அதிகம் குடித்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், தலையணை நனையும் வேர்வை, எடைக்குறைவு. விலகல் வேர்வை முதல் சில நாட்களோடு போய்விடும். மூன்றாம் மாதம் புதிதாகத் தொடங்காது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மனச்சோர்வுக்கு ஒரு மாதக் கணக்கு

குடியை விட்ட முதல் வாரங்களில் சோகமும் அழுகையும் வருவது சகஜம். குடியால் வந்த சோர்வு என்றால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வெளுக்கத் தொடங்கும். ஒரு மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தும் சோர்வு அப்படியே இருக்கிறது அல்லது கூடுகிறது என்றால், அது தனியாகச் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். ஆனால் "செத்துப்போகலாம்போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு மாதக் கணக்கைத் தூக்கிப்போடுங்கள். அன்றைக்கே உதவி தேட வேண்டும். இந்தியாவில் டெலி மனாஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், தமிழ்நாட்டில் 104 இருக்கிறது, இலங்கையில் 1926. வலிப்பு, நினைவு தப்புதல், நெஞ்சுவலி என்றால் இந்தியாவில் 108, இலங்கையில் 1990.

டாக்டரிடம் எதைக் கொண்டுபோவது?

எத்தனை வருடம், தினம் எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதி, நடுவில் ஒருநாள் தவறியதா, இப்போது என்னென்ன மாத்திரை: இதைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். மறைத்தால் மருந்தே தப்பாகலாம். காசநோய் மாத்திரைகள் சில கல்லீரலைச் சோதிப்பவை. குடித்த கதை தெரிந்தால்தான் மருத்துவர் கல்லீரல் பரிசோதனையை அடிக்கடி செய்து பார்த்துக் கொடுப்பார்.

இன்னொன்று எங்கள் அண்ணியிடம் கற்றுக்கொண்டது. சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு எழுதும் கட்டத்துக்குள்ளேயே அண்ணனின் உடம்பையும் ஒரு வார்த்தையில் குறித்து வந்தார். கார்த்திகையில் 'நடு' என்று ஏழெட்டுக் கட்டம், அப்புறம் இல்லை. 'தூ 3' என்றால் மூன்று மணி நேரத் தூக்கம்; மார்கழி முழுக்க மூன்றும் நாலும், தையில் ஐந்தும் ஆறும். 'கோபம்' என்ற வார்த்தை வரவர அரிதாகிக்கொண்டே போனது. மாசி இரண்டாவது வாரத்தில், அதுவரை எங்கேயும் இல்லாத 'வேர்' முதல்முறையாக வருகிறது. அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும்.

அந்தக் காலண்டரைச் சுருட்டிக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனார். மருத்துவர் தூக்கக் கணக்கை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இந்த வேர்வை எப்பம்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். அண்ணி பால் கணக்குக்கு நடுவே அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். மருத்துவர் சளிப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்.